நாயுடன் மலை, காட்டோரம், ஆற்றங்கரை நடை: புறப்படுவது முதல் வீடு திரும்புவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாய் தானாக ‘போதும், திரும்பலாம்’ என்று சொல்லாது. உள்ளங்கால் கொப்பளித்திருந்தாலும், உடம்புச் சூடு ஏறி நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்கினாலும், முன்னே போகிறவர் நடந்துகொண்டிருக்கும் வரை அதுவும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஆகவே எங்கே போவது, எவ்வளவு தூரம் போவது, எந்த இடத்தில் திரும்புவது என்ற மூன்றையும் நாய்க்காகவும் சேர்த்து நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலை, ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி போன்ற கிழக்கு மலைகள், காவிரி, கொள்ளிடம், தாமிரபரணிக் கரைகள் ஆகிய இடங்களில் நாயை அழைத்துக்கொண்டு நடக்க விரும்புகிறவர்களுக்காக, அந்த முடிவுகளை எடுக்கும் வரிசையிலேயே இது எழுதப்படுகிறது.

முதலில், எங்கே போகக் கூடாது

வேலையில் பாதி இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. முதுமலை, ஆனைமலை, களக்காடு-முண்டந்துறை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை ஆகிய ஐந்து புலிகள் காப்பகங்களுக்குள்ளும், தேசியப் பூங்காக்களுக்குள்ளும், கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் போன்றவற்றுக்குள்ளும் வளர்ப்பு நாயைக் கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். காப்புக்காடு என்று பலகை வைத்த இடத்தில் மனிதர் நடப்பதற்கே வனத்துறையின் அனுமதி தேவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் 20 பேருக்கும் மேல் இறந்த பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இணையவழி முன்பதிவுடன் திறந்துவிடப்பட்டன. அவை வழிகாட்டியோடு மனிதர்கள் போவதற்கான காட்டுப்பாதைகள். அவற்றைப் பார்க்க ஆசைப்படுகிற நாளில் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே முறை.

இந்தத் தடையை அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிற நோய்களைப் பற்றித் தெரிந்துகொண்டால் அந்த எண்ணம் மாறிவிடும். 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஏறத்தாழ 1,000 சிங்கங்களைக் கொன்றது ‘கேனைன் டிஸ்டெம்பர்’ என்ற நாய்களுக்கு வரும் வைரஸ். சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்து அது பரவியதாகவே கருதப்படுகிறது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. நம் காடுகளில் செந்நாய்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. வளர்ப்பு நாயின் எச்சத்தை மோந்து பார்ப்பதே ஒரு கூட்டம் முழுவதற்கும் நோயைக் கொடுக்கப் போதுமானது.

அப்படியானால் போகக்கூடிய இடங்கள் எவை? மலைக் கிராமங்களை இணைக்கும் ஊராட்சிச் சாலைகளும் மண்பாதைகளும், உரிமையாளரின் அனுமதியோடு காபி, தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் வண்டித்தடங்களும், ஆற்றின் கரைமேடுகளும், வாய்க்கால் வரப்புகளும் நமக்குப் போதும். ஏற்காட்டின் காபித் தோட்டச் சந்துகளில் மரநிழலிலேயே இரண்டு மணி நேரம் நடக்கலாம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் காரில் கடந்து மேலே போனபின், நெல்லும் மிளகும் விளையும் ஊர்களுக்கிடையே எத்தனையோ ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. போகும் ஊரின் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி, இந்த வாரம் யானையோ காட்டுமாடோ சிறுத்தையோ வந்ததா என்று விசாரிப்பதை ஒரு கட்டாயமான படியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் செயலியும் அந்தச் செய்தியைத் தராது.

எந்த நாய் நடக்கும், எந்த நாய் நடக்காது

பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களை மலைக்குக் கூட்டிப்போகக் கூடாது; மூச்சுப்பாதை குறுகியிருப்பதால், மூச்சிரைத்து உடம்புச் சூட்டை வெளியேற்றும் வழியே அவற்றுக்குப் பாதி அடைபட்டிருக்கிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களின் எலும்பு வளர்ச்சி முடிய ஏறத்தாழ ஒன்றரை வயதாகும். அதற்கு முன் செங்குத்தான இறக்கங்களில் குதிக்கவிடுவது மூட்டைக் கெடுக்கும். நம் நாட்டில் எடை கூடிப்போன லாப்ரடார்கள்தான் மலையடிவாரத்தில் அதிகம் தென்படுகின்றன. அவற்றுக்கு மலைக்கு முன்னால் உணவுக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

நம் நாட்டு நாய் இந்த நிலத்துக்கென்றே அமைந்தது. குட்டை முடி, மெலிந்த உடல், நீண்ட கால், எதையும் ஐயத்தோடு பார்க்கிற குணம் ஆகிய நான்கும் பாதையில் கைகொடுக்கும். கோம்பை இனமும் அப்படியே, ஆனால் அந்நியரிடம் சீறும் இயல்புள்ளதால் ஆள் நடமாட்டமுள்ள பாதையில் வாய்ப்பூட்டு உடனிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு இனங்கள் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. கண்ணில் அசைவு பட்டுவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவற்றின் காதில் விழாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. விரட்டுவதும், அதற்கு முயல்வதும்கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஆகவே முயலைக் கண்டு கயிற்றை நழுவவிட்ட உரிமையாளர் ‘நாய்தானே ஓடியது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெள்ளை ராஜபாளையத்துக்கு மூக்கும் காதோரமும் இளஞ்சிவப்பாக இருப்பதால் வெயில் எளிதில் சுடும். அவற்றில் பிறவியிலேயே காது கேளாதவையும் உண்டு என்பதால், குரலுக்குப் பதில் கைச்சைகைக்குப் பழக்க வேண்டியிருக்கலாம்.

ஆறு வாரம் முன்னதாகத் தொடங்க வேண்டியவை

கால்நடை மருத்துவரைப் பார்ப்பது முதல் வேலை. ரேபிஸ் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவற்றை உள்ளடக்கிய கூட்டுத் தடுப்பூசியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இவற்றில் லெப்டோவைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து பரவும் இந்த நோய் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். வாய்க்கால் கரையில் நடக்கிற நாய்க்கு அந்த ஊசியை ஆண்டுதோறும் போட்டாக வேண்டும். உண்ணிகளைத் தடுக்க மாத்திரையாகவும், முதுகில் விடும் சொட்டு மருந்தாகவும் பல வகைகள் கிடைக்கின்றன. எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ‘ஐவர்மெக்டின்’ ஊசியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுவதுபோல் நாய்க்கும் தாமாகவே போடுகிற பழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. கோலி வகை நாய்களை அது கொன்றுவிடக்கூடும்.

இரண்டாவது வேலை உடம்பைப் பழக்குவது. அடுக்குமாடி வீட்டின் வழவழப்பான தரையில் வாழும் நாயின் உள்ளங்கால், குழந்தையின் பாதம்போல் மென்மையாக இருக்கும். முதல் வாரம் 2 கிலோமீட்டர் மண்தரையில் நடக்கவிட்டு, வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரத்திலிருந்து சிறு ஏற்றங்களைச் சேர்த்தால், ஆறாவது வாரத்தில் 7, 8 கிலோமீட்டர் நடக்கிற காலும் மூச்சும் அதற்கு வந்துவிடும். மாடிப்படி ஏறி இறங்குவது மலைக்கு ஈடாகாது. சரளைக்கல் நிறைந்த குன்று ஒன்று அருகில் இருந்தால் அதுவே சிறந்த பள்ளி.

மூன்றாவது வேலை சொல்லுக்குப் பழக்குவது. ‘வா’, ‘நில்’, ‘விடு’ என்ற மூன்று சொற்கள் போதும். ஆனால் அவை வீட்டு வரவேற்பறையில் மட்டும் அல்லாமல், ஆடுகளும் கோழிகளும் திரிகிற இடத்தில், 10 மீட்டர் நீளக் கயிற்றின் மறுமுனையிலும் பலிக்க வேண்டும். மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால் ‘விடு’ என்றுதான் சொல்வேன். அதன் காரணம் காட்டோரப் பகுதியில் வரும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டி மலையேறக் கூடாது. பள்ளத்தில் சறுக்கினால் முழு எடையும் கழுத்தில் தொங்கும். மார்பையும் தோளையும் சுற்றி வரும் ஹார்னஸ், அதிலும் முதுகின் மேல் கைப்பிடி உள்ளதாக இருந்தால், பாறையில் தூக்கிவிடவும் தண்ணீரிலிருந்து இழுக்கவும் உதவும். கழுத்துப்பட்டை உங்கள் தொலைபேசி எண்ணைத் தாங்குவதற்காக மட்டும் இருக்கட்டும். கயிறு 2 மீட்டர் நீளத்தில் சாதாரண நாடாவாக இருந்தால் போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் பெட்டிக்கயிறு புதரில் சிக்கி அறுந்துவிடும்.

தண்ணீர்தான் கனமான சுமை. வீட்டில் சும்மா இருக்கும் நாய்க்கே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் தேவை. ஏற்றத்தில் இது இரண்டு மடங்குக்கு மேல் போகும். 20 கிலோ நாயோடு அரை நாள் நடக்கிறவர் நாய்க்கென்று மட்டும் ஒன்றரை லிட்டராவது கொண்டுபோக வேண்டும். மலை ஓடையில் குடித்துக்கொள்ளும் என்று எண்ணுவது ஏன் தவறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்துப் பையில் நுனி கூரிய இடுக்கி, சலைன் குப்பி, போவிடோன் அயோடின் கரைசல், காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், சிறு கத்தரிக்கோல், அட்டைப்பூச்சிக்காக ஒரு பொட்டலம் உப்பு ஆகியவை இருக்கட்டும். பாராசிட்டமால், ஐப்யூபுரோஃபென் போன்ற மனித மாத்திரைகளை நாய்க்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. இவற்றோடு ஓர் எட்டு முழ வேட்டியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாமல் போன நாயை இரண்டு பேர் தூளிபோல் ஏந்திவரவும், ஒருவராக இருந்தால் முதுகில் கட்டிக்கொள்ளவும், வெயிலுக்குப் பந்தலிடவும், தேனீ கலைந்தால் போர்த்திக்கொள்ளவும் அதைவிடப் பொருத்தமான கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

உணவைப் பொறுத்தவரை, புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு அரை வயிறு போதும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். வழியில் அவித்த முட்டையோ கோழித் துண்டோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நாம் கொறிக்கிற உலர் திராட்சையும் சாக்லெட்டும் நாய்க்கு நஞ்சு.

நாளும் நேரமும்

சமவெளியில் வெயில் அடங்கி, மலையில் மழை ஓய்ந்திருக்கும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான காலம் உகந்தது. பிப்ரவரிக்குப் பின் காடு காய்ந்து தீப்பிடிக்கும் பருவம் தொடங்கிவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை வால்பாறை போன்ற ஈரமான பக்கங்களில் அட்டைகளின் ஆட்சி. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும் என்பதால், அடிவாரத்தில் தாங்க முடியாத நாளில்கூட ஏற்காட்டின் உச்சியில் நடக்க முடியலாம். எனினும் பாதையின் மிகத் தாழ்வான, மிக வெப்பமான பகுதியைத் திரும்பும் நேரத்தில் நண்பகலில் கடக்க வேண்டியிருக்குமா என்பதைத்தான் கணக்கிட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெயிலைப் பார்த்தால் இருட்டிலேயே புறப்பட வேண்டும். சிறுத்தையையும் யானையையும் நினைத்தால் நன்றாக விடிந்த பிறகே புறப்பட வேண்டும். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை என்பது குன்னூர், வால்பாறைப் பக்கத்தில் வாழ்கிற எவருக்கும் தெரியும். சூரியன் எழுந்து அரை மணி கழித்துக் கிளம்பி, பத்தரை மணிக்குள் நடையை முடித்துக்கொள்வது என் வழக்கம். மாலை நடை வேண்டும் என்றால் ஐந்து மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும்.

மலைப்பாதையில்

நாய்க்குப் பாதத்தில் சிறிதளவைத் தவிர வியர்வை இல்லை; மூச்சிரைப்பு ஒன்றே அதன் விசிறி. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அந்த விசிறியும் வேலை செய்யாது. 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய உடல் வெப்பம் 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். தரை வெப்பத்தைச் சோதிக்க, புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத தரையில் நாயும் நடக்க முடியாது. கொண்டை ஊசி வளைவுகளின் தார்ச்சாலையும், கருங்கல் பாறை முகடும் பத்து மணிக்கே அப்படி ஆகிவிடும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நின்று தண்ணீர் காட்டி, நான்கு கால்களையும் தூக்கி விரலிடுக்கைப் பாருங்கள். நாக்கு அகன்று நுனி வளைந்து தொங்குவதும், எச்சில் கெட்டியாகிக் கயிறுபோல் இழுபடுவதும், ஒவ்வொரு நிழலிலும் படுக்கப் பார்ப்பதும் திரும்பிப்போகச் சொல்லும் அறிகுறிகள். தள்ளாட்டமும் வாந்தியும் வந்துவிட்டால் அது வெப்பத் தாக்கு. அப்போது தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், இருந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும்: நிழலில் கிடத்தி, கையிலுள்ள நீர் முழுவதையும் வயிறு, தொடையிடுக்கு, நெஞ்சு ஆகியவற்றின் மேல் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி விட்டுவிட்டால் அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நாய் எழுந்து நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு அடுத்த நாள்தான் வெளியே தெரியும்.

பாறைச் சரிவுகளில் பெருந்தேனீக்களின் கூடுகள் தொங்கும் இடத்தை அமைதியாகக் கடக்க வேண்டும். கலைந்துவிட்டால் நாயை மரத்தில் கட்டிவிட்டு ஓடுவது அதற்கு மரண தண்டனை; கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டோ, முடியாவிட்டால் அவிழ்த்து விட்டோ ஓட வேண்டும்.

காட்டோரத்தில்

தோட்டமும் காடும் சந்திக்கிற பகுதியில் கயிற்றை ஒரு கணமும் விடக்கூடாது. அவிழ்த்துவிட்ட நாய் கரடியையோ யானையையோ கண்டால் குரைத்துச் சீண்டும். அது துரத்தத் தொடங்கியதும் அடைக்கலம் தேடி நேராக உரிமையாளரிடமே ஓடிவரும். நாயின் பின்னால் வருகிற கரடி, நாய் விலகியபின் எதிரே நிற்கிற மனிதரைத்தான் பார்க்கும். யானையின் பிளிறலோ மூங்கில் ஒடியும் ஓசையோ கேட்டால், நாயின் வாயை மெல்லப் பொத்தி, வந்த வழியே அமைதியாகத் திரும்பிவிட வேண்டும். காட்டுமாடு கொடைக்கானல், நீலகிரி ஊர்களில் பசுமாடுபோல் நின்று மேயும்; அந்தச் சாதுத்தனத்தை நம்பி நாயோடு அருகே போகக் கூடாது. வரிசையில் நடக்கும்போது நாய் முன்னாலும் கடைசியிலும் இல்லாமல் ஆட்களுக்கு நடுவே இருக்கட்டும்.

விலங்குகளைவிட எனக்கு அதிக அச்சம் தருவது மனிதர் வைத்தவை. காட்டுப்பன்றியைக் கொல்ல மாவிலோ பழத்திலோ கொழுப்பிலோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கிற ‘அவுட்டுக்காய்’ கடித்தவுடன் வெடிக்கும். யானைகளே அதனால் தாடை சிதறி இறந்திருக்கின்றன. தரையில் கிடக்கும் எதையும் நாய் வாயில் எடுக்காமல் இருக்க ‘விடு’ என்ற சொல்லும், தேவைப்பட்டால் கூடை வாய்ப்பூட்டும் வேண்டும் என்பது இதற்காகத்தான். வயலோரத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலிகளும், புதர் வழியில் வைத்த சுருக்குக் கம்பிகளும் இருக்கலாம். ஆகவே வேலியோரம் ஒட்டி நடக்காமல் தடத்தின் நடுவிலேயே நடக்க வேண்டும்.

பாம்புக்கடியில் நாய்க்கு முகத்திலோ முன்காலிலோதான் பெரும்பாலும் பல் படும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது ஆகிய எதுவும் வேண்டாம். கழுத்துப்பட்டையைக் கழற்றி, நாயை நடக்கவிடாமல் வேட்டியில் ஏந்தி, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு விரைய வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே கூட்டு முறிமருந்து இருக்கிறது. மனிதருக்குப் போடும் அதே மருந்துதான் நாய்க்கும். அதற்கு வேண்டிய நஞ்சைச் சேகரிப்பதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு இந்த மருந்து பலிக்காது என்பதால், கடித்த பாம்பைப் பார்த்திருந்தால் அதன் நிறத்தையும் வடிவத்தையும் மருத்துவரிடம் சொல்வது பயன்படும். அதைத் தேடிப்போய்ப் படமெடுக்க வேண்டாம்.

எந்த மலைக்குப் போனாலும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை எது என்பதை முந்தைய நாளே குறித்து வைக்க வேண்டும். கொல்லிமலையில் நடப்பவருக்கு அடிவாரத்தின் பக்கமே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாமிரபரணிக் கரைக்குத் திருநெல்வேலியிலும், காவிரிப் படுகைக்கு ஒரத்தநாட்டிலும் அத்தகைய கல்லூரிகள் உள்ளன. நடமாடும் கால்நடை ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் இருக்கிறது.

ஊர்களைக் கடக்கும்போது தெருநாய்க் கூட்டம் எதிர்த்து வரும். ஓடாமல், நாயை உங்கள் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, அவற்றின் கண்ணைப் பார்க்காமல் கடந்துவிட்டால் தங்கள் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். ஆட்டுக்கிடை போட்டிருக்கும் இடத்தில் இது செல்லாது. கிடைநாய்களின் வேலையே அந்நிய நாயைக் கடித்து விரட்டுவது. தொலைவிலேயே நின்று, ஆடு மேய்க்கும் கீதாரியைக் கூப்பிட்டு, “அண்ணே, நாயோட வர்றோம், எந்தப் பக்கம் போகட்டும்?” என்று கேட்டுவிட்டால் அவரே வழி சொல்வார். கோயில் காடுகளுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது.

ஆற்றங்கரையில்

ஆறு பார்ப்பதற்கு மலையைவிடச் சாது. ஆனால் நாயோடு போகிறவர் அதிகம் ஏமாறும் இடம் அதுதான். மணல் அள்ளிய பள்ளங்கள் முழங்கால் ஆழ நீருக்கு அடுத்த அடியிலேயே இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கும். மேலே எங்கோ மதகு திறந்தால் பாறைத்திட்டில் நிற்பவரைச் சுற்றி நீர் ஏறிவிடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் என்பதைத் தெரிந்தவர்கள்கூட இடையிடையே திறப்பதைக் கவனிப்பதில்லை. ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியிலும், மோயாற்றிலும், அமராவதி நீர்த்தேக்கத்திலும், அணைக்கரைப் பக்கத்துக் கொள்ளிடத்திலும் முதலைகள் உண்டு. அவை உள்ள நீரின் விளிம்புக்கு நாயைக் கொண்டுபோகவே கூடாது. தண்ணீர் குடிக்கக் குனிகிற நாயும் மானும் முதலைக்கு ஒன்றுதான்.

பாதுகாப்பான இடமென்று ஊரார் சொன்ன துறையில் மட்டும், ஹார்னஸில் நீண்ட கயிறு கட்டி, நீரோட்டம் இல்லாத பக்கத்தில் இறக்கலாம். ஓட்டத்தின் குறுக்கே குச்சியை எறிந்து எடுத்துவரச் சொல்வது வேண்டாம். நாய் இழுபட்டால் அதன் பின்னால் குதிக்காமல், கரையோரமாகவே கீழ்நோக்கி ஓடிக் கூப்பிட வேண்டும். நாய் பெரும்பாலும் வளைவில் கரையேறிவிடும், காப்பாற்றப் போனவர்தான் திரும்புவதில்லை.

குடிக்கிற நீர் பற்றி முன்பு சொன்னதற்கு வருகிறேன். திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யலும், வாணியம்பாடி, ஆம்பூர் தோல்கழிவு கலந்த பாலாறும் நாய் வாய் வைக்கத் தகாதவை. தேங்கிய குட்டையின் மேல் பச்சை வண்ணத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் படலம் இருந்தால் அது நச்சுப்பாசியாக இருக்கலாம். அதற்கு மாற்று மருந்து இல்லை. தெளிந்த மலையோடையிலோ வேறொரு தொல்லை. என் நாட்டு நாய் ஒரு சோலை ஓடையில் ஆசை தீரக் குடித்துவிட்டு வந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு மூக்குத்துளையில் மட்டும் இரத்தம் ஒழுகத் தொடங்கியது, தும்மல் நிற்கவில்லை. குடிக்கும்போது மூக்குக்குள் ஏறிய நூல்போன்ற அட்டை உள்ளேயே இருந்து வளர்ந்திருந்தது. மருத்துவர் அரை நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு ஒரு கிண்ணத்தில் நீரை மூக்கருகே நீட்டினார். அட்டை தானாகத் தலை நீட்டியபோது இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த நாய்க்கு வீட்டுத் தண்ணீர் மட்டுமே.

வீடு திரும்பியபின்

வண்டியில் ஏற்றும் முன்பே முதல் சோதனையைச் செய்ய வேண்டும். காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களில் விரல்நுனியால் தடவிப் பார்த்து, உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும்; மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் உண்ணியைத் தன் வயிற்றிலுள்ளதை நாயின் இரத்தத்துக்குள் கக்க வைக்கும். தோலில் கடித்திருக்கும் அட்டை உப்புப் பட்டதும் விழுந்துவிடும். உண்ணிச்செடி (லான்டானா) புதருக்குள் நுழைந்து வந்த நாய்க்கு முள் கீறலும், காய்ந்த புல்மேட்டில் திரிந்ததற்கு ஊசிப்புல் விதையும் இருக்கும். அந்த விதை விரலிடுக்கில் குத்தி உள்ளேயே நகரும் தன்மையுள்ளது. வீங்கிச் சீழ் கோத்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டினால் காதுக்குள் விதை போயிருக்கிறது என்று கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆற்றில் நனைந்த நாயைக் குழாய்நீரில் அலசி, காதைப் பஞ்சால் துடைத்து, முழுவதும் உலர்த்திய பிறகே படுக்கவிட வேண்டும். மறுநாள் முழு ஓய்வு. காட்டு விலங்கோ ஊர் நாயோ கடித்திருந்தால், சிறு கீறலாயினும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற நீரில் 15 நிமிடம் கழுவி, பழைய தடுப்பூசி இருக்கிறதென்று சும்மா இருந்துவிடாமல் மீண்டும் ரேபிஸ் ஊசி போட வேண்டும். பிரித்துவிடப் போய் நீங்கள் கடிபட்டிருந்தால் உங்களுக்கும் அப்படியே.

உண்ணிக் காய்ச்சல் கடித்த நாளில் வராது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்தே வெளிப்படும். நடந்த தேதியை நாட்காட்டியில் குறித்து, அடுத்த மூன்று வாரம் வரை நாய் சாப்பாட்டை ஒதுக்குகிறதா, ஈறு வெளிறியிருக்கிறதா, சிறுநீர் காபி நிறத்தில் போகிறதா என்று பார்த்துவர வேண்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், எந்த மலையில் எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.